பச்சைப் பொட்டு

ஜூலை 10, வியாழன்

எட்டு நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்தது. வீட்டிலிருந்த எல்லாக் குடத்தையும் நிரப்பிவிட்டு ஓடியும் பள்ளிக்கூடத்துக்கு முதல் ஆளாகப் போய்விட்டேன். கோவில்பட்டியில் இந்தப் பெண்கள் பள்ளியில் இருபத்து நாலு வருஷமாக பி.டி. டீச்சர். ஒரு நாளும் பெல்லுக்குப் பிறகு நுழைந்ததில்லை. இதை வேறு யாரும் எழுதி வைக்கப் போவதில்லை என்பதால் நானே எழுதிக்கொள்கிறேன். நகைக்கடையில் கொடுத்த டைரி ஆறு மாசமாகச் சும்மாதான் கிடக்கிறது.

இன்று உருப்படியாக ஒரு வேலை. பயிற்சி வகுப்பில் கொடுத்த பி.எம்.ஐ. தாளை எச்.எம்.மிடம் காட்டி அனுமதி வாங்கிவிட்டேன். உயரத்தை மீட்டரில் எடுத்து அதை அதாலேயே பெருக்க வேண்டும். எடையை எடுத்து அந்தப் பெருக்கலால் வகுக்க வேண்டும். ஒரு எண் வரும். பதினெட்டரைக்குக் கீழே என்றால் ஒல்லி, பெயருக்குப் பக்கத்தில் நீலப் பொட்டு. இருபத்து மூன்றுக்கு மேலே என்றால் குண்டு, சிவப்பு. நடுவில் நிற்பவர்களுக்குப் பச்சை. பொட்டு வைப்பது என் யோசனை. என் பீரியடைக் கணக்கு டீச்சருக்குத் தூக்கிக் கொடுக்கும்போதெல்லாம் "பி.டி.தானே" என்பார்கள். இனிமேல் என் கையிலும் கணக்கு இருக்கிறது.

விளையாட்டு அறைச் சுவரில் ஒட்டகச்சிவிங்கி படம் போட்ட உயர ஸ்டிக்கரை நானே ஒட்டினேன். சுவரின் அடியில் ஓடும் கறுப்பு டைல்ஸ் பட்டை கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கிறது, அதன்மேல் ஒட்டினால் சுருக்கம் விழுகிறது. ஒட்டகச்சிவிங்கியின் காலைப் பட்டைக்கு மேலே நிறுத்தி, நூல் பிடித்தாற்போல் நேராக ஒட்டிவிட்டேன். பார்க்க லட்சணமாக இருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு, நாற்பத்தோரு பிள்ளைகள், இரண்டு பீரியடில் அளந்து முடித்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் இவ்வளவு குட்டையா! கண்ணால் பார்க்கும்போது தெரியவில்லை, அளந்தால்தான் தெரிகிறது. எல்லாம் பரோட்டாவும் போனும் செய்கிற வேலை. பத்தொன்பது பேருக்குச் சிவப்பு.

செண்பகாவுக்கும் சிவப்பு. செண்பகவல்லி என்பது முழுப்பெயர். கபடியில் அவள் கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டாள். வகுப்பில் எங்காவது சிரிப்புச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்க்காமலே அவள் பெயரைச் சொல்லி அதட்டலாம். போன வருஷம்தான் பெரியவளானாள். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் பச்சை முட்டையுமாக அவள் அம்மா ஊட்டித் தள்ளியதை அவளே நடித்துக் காட்டியிருக்கிறாள்.

உயரம் 144. எடை 48. எண் 23.1.

"டீச்சர், புள்ளி ஒண்ணுதான கூட? பச்சை வையுங்களேன்" என்று குழைந்தாள்.

"லாங் ஜம்ப்புல கால் கோட்டை ஒரு நூல் தாண்டுனாலும் பவுல்தான்ட்டி. எண் பொய் சொல்லாது" என்றேன். நன்றாகச் சொன்னதாகத் தோன்றியது. அதையே வகுப்பு முழுவதற்கும் இன்னொரு தடவை சொன்னேன்.

பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டியாயிற்று. எவளோ "உளுந்தங்களி" என்று கத்த எல்லாரும் சிரித்தார்கள். செண்பகாவும் சிரித்தாள். அவளுக்கு எதுவும் உறைக்காது.

ஜூலை 14, திங்கள்

எச்.எம். எல்லா டீச்சர்கள் முன்னாலும் பாராட்டினார். கணக்கு டீச்சர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. காஸ் புக் பண்ணினேன். முழங்கால் வலி.

ஆகஸ்ட் 14, வியாழன்

இரண்டாவது அளவு. பாதிப் பேர் அப்படியே இருக்கிறார்கள், சிலர் கூடியிருக்கிறார்கள். சொன்ன பேச்சைக் கேட்டவள் செண்பகா ஒருத்திதான். பச்சைக்கு வந்துவிட்டாள். சிவப்புப் பொட்டுக்குப் பக்கத்தில் பச்சைப் பொட்டை வைத்துவிட்டு ஸ்கெட்சை மூடுவதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லாப் பெருசா வையுங்க டீச்சர், தூரத்துல இருந்து பாத்தாலும் தெரியணும்."

நாளைக்குச் சுதந்திர தினத்தில் கொடியேற்றியதும் அவளைக் கூப்பிட்டு எல்லாருக்கும் காட்டலாம் என்று இருக்கிறேன். முன்மாதிரி ஒன்று கண்முன்னால் இருந்தால்தான் மற்றதுகளுக்குப் புத்தி வரும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காட்டினேன். ஆயிரத்து இருநூறு பிள்ளைகள் கை தட்டினார்கள். அவள் முகம் சிவந்துபோய் நின்றாள். பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

சாயங்காலம் அவள் அம்மா பொன்னுத்தாய் வீடு தேடி வந்தாள். கடலை மிட்டாய் கம்பெனியில் பொட்டலம் போடுகிறவள். புருஷன் தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் இருபது நாள் கழித்துத்தான் திரும்புவான். கை நிறைய மிட்டாய்ப் பொட்டலம். "எம் பிள்ளையை மேடையில ஏத்துனியளாமே டீச்சர். அவ அப்பா போன்லயே அழுதுட்டாரு" என்றாள். எனக்குச் சர்க்கரை உண்டு என்று சொல்ல மனம் வரவில்லை. வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

தண்ணீர் வரவில்லை. பத்து நாள் ஆகிறது.

என்னிடம் ஒரு நோட்டு உண்டு. "டீச்சர், வயித்து வலி" என்று மாதத்தில் இரண்டு மூன்று நாள் விளையாடாமல் உட்காருகிறவர்கள் பெயரைத் தேதியோடு அதில் எழுதுவேன். சில கள்ளிகளுக்கு மாதம் மூன்று தடவை வரும். இன்று அதைப் புரட்டிப் பார்த்து வகுப்பில் ஒரு பிடி பிடித்தேன். "செண்பகாவைப் பாருங்கட்டி. ரெண்டு மாசமா ஒரு நாள் உக்காந்திருக்காளா? அவளுக்கு மட்டும் வயிறு இல்லையா?"

செண்பகா குனிந்து ஷூ நாடாவைக் கட்டினாள்.

அக்டோபர் 8, புதன்

செண்பகா காலையில் எனக்கு முன்னாலேயே வந்து மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறாள். இருபத்து நாலு வருஷத்தில் எனக்கு முன்னால் கேட்டுக்குள் நுழைந்தவள் இவள்தான். ஜில்லா ஓட்டப் போட்டிக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். கபடிக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஒன்றில் கவனம் வைப்பதும் நல்லதுதான்.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். எல்லாருக்கும் கேக். செண்பகா தன்னுடையதை ரெபேக்காவின் கையில் வைத்துவிட்டுப் பேப்பர் தட்டை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த மாச அளவிலும் பச்சை. எட்டி எட்டிப் பார்த்து எண்ணையும் எழுதிக்கொண்டு போனாள். கணக்கில் இவ்வளவு அக்கறை இருந்தால் கணக்கு டீச்சர் ஏன் இவளைத் திட்டப் போகிறார்.

வெயில் இந்த மாசத்திலும் மண்டையைப் பிளக்கிறது. இவள் என்னடாவென்றால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருகிறாள். சினிமாவில் எவளையாவது பார்த்திருப்பாள்.

டிசம்பர் 4, வியாழன்

ரெபேக்கா ஸ்டாப் ரூம் வாசலில் வந்து நின்றாள். வகுப்புத் தலைவி, நல்ல பிள்ளை, எங்கள் சபைதான். "டீச்சர், செண்பகா சாப்பாட்டை எல்லாம் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால நாய்க்குப் போடுதா. தலையைச் சீவுனா சீப்பு நிறைய முடி வருது டீச்சர். கை எல்லாம் ஐஸ் மாதிரி இருக்கு."

அரைப் பரீட்சைக் கேள்வித்தாள் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை எண்ணிக்கை தவறிவிட்டது. "நீ சிவப்பு, அவ பச்சை. அதான் உனக்கு வயிறு எரியுதா? ஆளைப் பத்திக் கோள் சொல்ல வந்துட்டா" என்றேன்.

ரெபேக்கா அழுதுகொண்டே போனாள். கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேனோ என்னமோ. கிறிஸ்துமஸ் கேக் கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டும்.

டிசம்பர் 26, வெள்ளி

ரெபேக்காவுக்குக் கேக் கொடுக்க மறந்துவிட்டேன்.

ஜனவரி 12, திங்கள்

லீவு முடிந்து அளவு எடுத்தேன். செண்பகா இன்னும் பச்சைதான், ஆனால் பச்சையின் அடிவாரத்தில் நிற்கிறாள். கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு தூக்கிக்கொண்டிருக்கிறது. கையில் பூனை முடி போல மெல்லிசாக ரோமம். "போதும்ட்டி, இதுக்கு மேல இறங்காதே" என்று சொன்னேன். சொல்லியிருக்கிறேன், இதை இங்கே எழுதிக்கொள்கிறேன்.

"பச்சைதான டீச்சர்?" என்றாள்.

"பச்சைதான்" என்றேன்.

அப்புறம் என்ன.

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தினம். அணிவகுப்பில் மூன்றாவது வரிசையில் போய்க்கொண்டிருந்த செண்பகா தடால் என்று விழுந்தாள். எலுமிச்சை ஜூஸ் கொடுத்தோம். உதட்டில் வைத்துக்கொண்டாள், விழுங்கினாளா என்று தெரியவில்லை. காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள். பரேடு அன்றைக்குப் பிள்ளைகள் விழுவது வருஷா வருஷம் நடக்கிறதுதான்.

தூக்கிக்கொண்டு போய்ப் பெஞ்சில் படுக்க வைத்தது நான்தான். இந்த முழங்காலோடு, தனியாளாக. தூக்கும்போது வலிக்கவே இல்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

பொன்னுத்தாய் போன் பண்ணினாள். செண்பகாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். இருதயம் மெதுவாக அடிக்கிறதாம்.

"சாப்பிடச் சொன்னா மூஞ்சியத் திருப்பிக்கிடுதா டீச்சர். நான் சொன்னா கேக்க மாட்டா. அவ அப்பா வந்து காலைப் பிடிச்சாரு, அப்பவும் கேக்கல. நீங்க சொன்னா கேப்பா. நீங்கன்னா அவளுக்கு உசிரு."

சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. இரவு சாப்பிடவில்லை.

பிப்ரவரி 4, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் போர்வை மட்டும் கிடப்பதுபோல இருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துத்தான் அவள் என்று தெரிந்தது.

நர்ஸ் ஒரு நாடாவைக் கொண்டுவந்து, கால் நீட்டிப் படுத்திருந்தவளைத் தலையிலிருந்து குதிகால் வரைக்கும் அளந்தார். "நூத்தி அம்பத்திரண்டு" என்று சொல்லிச் சீட்டில் எழுதினார்.

"தப்பு சிஸ்டர்" என்றேன். "நூத்தி நாப்பத்தி நாலு. ஜூலையில இருந்து மாசா மாசம் நானே அளக்கேன். நான் பி.டி. டீச்சர்."

அவர் திரும்ப அளந்தார். என்னையும் நாடாவின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். குதிகாலில் நான்தான் பிடித்தேன். நூற்று ஐம்பத்திரண்டு.

படுத்து அளந்தால் கொஞ்சம் கூடத்தான் காட்டும். எட்டு சென்டிமீட்டர் கூடக் காட்டுமா?

டாக்டரம்மா சின்ன வயது. கடைசியாக எப்போது மாதவிலக்கு வந்தது என்று கேட்டார். பொன்னுத்தாய் முழித்தாள். "மாசா மாசம் பேடு வாங்கிக் குடுக்கேனே டாக்டர்." பையிலிருந்து செண்பகாவின் துணியை எடுக்கும்போது அந்தப் பாக்கெட்டுகளும் விழுந்தன. ஆறு. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியாக எப்போது என்பது என் நோட்டில் இருக்கிறது. அவள் பெயர் எந்தத் தேதியோடு நின்றுபோனது என்று எனக்குத்தான் தெரியும்.

பொட்டு விஷயத்தை மட்டும் டாக்டரம்மாவிடம் சொன்னேன். பச்சையில்தானே இருந்தாள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். "அது பெரியவங்களுக்குப் போட்ட கோடு டீச்சர். இந்த வயசுல வயசுக்குத் தக்கபடிதான் பாக்கணும். வளர்ற பிள்ளைக்கு அந்த எண் மெதுவா ஏறிக்கிட்டே போகணும், அதுதான் இயற்கை. இறங்குனா, அதுவும் இவ்வளவு வேகமா இறங்குனா, எந்தக் கலர்ல நின்னாலும் ஆபத்து. ஒரு தடவை பாத்துப் பொட்டு வைக்கிற விஷயம் இல்ல இது. ஆமா, ஆரம்பத்துல எவ்வளவு இருந்தா?"

"ஞாபகம் இல்ல" என்றேன்.

பிப்ரவரி 5, வியாழன்

பெல்லுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் விளையாட்டு அறையைத் திறந்து கதவைச் சாத்திக்கொண்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஒட்டகச்சிவிங்கியின் மேல் முதுகை ஒட்டி நின்றேன். தலைக்கு மேல் ஸ்கேலை வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன்.

கல்லூரியில் ஹை ஜம்ப் போன நாளிலிருந்து என் உயரம் 166. எல்லாச் சான்றிதழிலும் அதுதான். சுவரில் 158.

குனிந்து பார்க்க முழங்கால் விடவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். கறுப்பு டைல்ஸ் பட்டை என் முகத்துக்கு நேரே இருந்தது. ஸ்கேலை வைத்தேன். தரையிலிருந்து ஒட்டகச்சிவிங்கியின் கால் வரைக்கும் எட்டு சென்டிமீட்டர். அந்த எட்டை நான் யாருக்கும் கூட்டவே இல்லை. சுருக்கம் விழக்கூடாது என்று பார்த்தேன்.

ஜூலை மாதக் கணக்கைச் சரியான உயரத்தை வைத்துப் போட்டேன். இரண்டு தடவை. 48 கிலோ, 152 சென்டிமீட்டர். 20.8.

முதல் நாளே பச்சை. நட்ட நடுப் பச்சை.

அதோடு போகவில்லை. ஜனவரியில் பச்சையின் அடிவாரத்தில் நிற்கிறாள் என்று எழுதினேனே, அதையும் போட்டுப் பார்த்தேன். நவம்பரிலேயே நீலம். நன்றாக இருந்த பிள்ளையைச் சிவப்பு என்று சொல்லி, சாகக் கிடந்த பிள்ளையைப் பச்சை என்று சொல்லியிருக்கிறேன். பத்தொன்பது சிவப்பில் மூன்றுதான் நிஜம். ரெபேக்காவும் பச்சை.

பெல் அடித்தது. வெளியே வந்து விசில் ஊதினேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

தண்ணீர் வந்தது. பிடிக்கவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

கோயிலில் பாவ அறிக்கை. எல்லாரோடும் சேர்ந்து முழங்காலில் நின்று சொன்னேன். எல்லாரோடும் சேர்ந்து சொன்னால் சுலபமாகத்தான் இருக்கிறது. இரண்டு பெஞ்சு முன்னால் ரெபேக்கா. திரும்பிப் பார்த்து "ஸ்தோத்திரம் டீச்சர்" என்றாள்.

பிப்ரவரி 9, திங்கள்

எச்.எம்.மிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். "சுகிர்தா, இதை வெளியில சொன்னா அந்தப் பிள்ளை எழுந்திரிச்சிருமா? ஸ்கூல் பேரு போகும், உங்க பென்ஷன் போகும். அந்த ஸ்டிக்கரை முதல்ல கிழிங்க. கணக்குத் தாளையும்" என்றார்.

ஸ்டிக்கரைக் கிழித்தேன். சுவரில் வெள்ளையடிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. தாளைக் கிழிக்கவில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். எச்.எம். என் மேலதிகாரி. அவர் சொல்லும்போது நான் என்ன செய்ய முடியும்.

ஆனால் செண்பகாவிடம் சொல்லுவேன். அவளிடம் சொன்னால் போதும். அவள் சாப்பிட்டுவிடுவாள். நான் சொல்லித்தானே நிறுத்தினாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. பொன்னுத்தாய் ஒரு டம்ளரில் கஞ்சியும் ஸ்பூனுமாக உட்கார்ந்திருந்தாள். அந்தக் கஞ்சி ஆடை கட்டிப் போயிருந்தது.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ரெபேக்கா சொன்னது சரிதான், ஐஸ்.

"செண்பகா, நான் தப்பா அளந்துட்டேன்ட்டி. ஸ்டிக்கரைத் தரையில இருந்து ஒட்டாம மேல ஒட்டிட்டேன். உன் உயரம் நூத்தி அம்பத்திரண்டு. உனக்குச் சிவப்பே கிடையாது. நீ முதல் நாளே பச்சை." பேப்பரில் கணக்கைப் போட்டு அவள் கண் எதிரே பிடித்தேன். எல்லாம் தெளிவாக, வரிசையாக.

அவள் அந்தப் பேப்பரை ரொம்ப நேரம் பார்த்தாள். எனக்கு நம்பிக்கை வந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். பாவம் என்கிற மாதிரி ஒரு பார்வை.

"என்னைச் சாப்பிட வைக்கத்தான சொல்லுதிய?"

"இல்லட்டி, சத்தியமா. கர்த்தர் மேல ஆணையா."

"எண் பொய் சொல்லாதுன்னு நீங்கதான டீச்சர் சொன்னிய."

"எண்ணு பொய் சொல்லலட்டி. நான்தான் தப்பா..."

"அன்னைக்குப் போர்டுல பாத்துட்டு எல்லாரும் சிரிச்சாங்களே" என்றாள். குரல் வெளியே வரவில்லை, உதட்டை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். "அப்புறம் பச்சை ஆனதும் எல்லாரும் கை தட்டுனாங்க. ரெண்டையும் நான்தான டீச்சர் பாத்தேன்."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஸ்பூனை நான் வாங்கி ஒரு வாய் கொடுத்துப் பார்த்தேன். பல் திறக்கவில்லை. கபடியில் கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டாள் என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அப்படித்தான்.

வராந்தாவில் பொன்னுத்தாய் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எம் பிள்ளைக்காக உங்களையே குத்தவாளி ஆக்கிப் பொய் சொன்னியளே டீச்சர். கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டா. நீங்க நல்லா இருக்கணும்."

பொய் இல்லை என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். வராந்தாவில் கூட்டமாக இருந்தது. பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது.

பிப்ரவரி 13, வெள்ளி

மதுரைக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். மூக்கு வழியாகக் குழாய் வைத்திருக்கிறார்களாம். நாளை போக வேண்டும்.

பிப்ரவரி 14, சனி

போகவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

ரெபேக்காவைக் கூப்பிட்டு, "நீ சொன்னது சரிதான்" என்றேன். அவளிடமாவது முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன். அவள் கேட்டாள்: "அன்னைக்கே அவ அம்மாட்ட நான் போய்ச் சொல்லியிருக்கணுமா டீச்சர்? நீங்க கோள்னு சொன்னதால விட்டுட்டேன். எம் மேலதான் தப்பு."

இல்லை என்று சொன்னேன். எத்தனை தடவை சொன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நான் சொல்வதை நம்புகிற பிள்ளைகள் இனி யாரும் இல்லை.

பிப்ரவரி 21, சனி

காலையில் போன். பொன்னுத்தாய் அழவில்லை. "முடிஞ்சிட்டு டீச்சர்" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 8, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. பதினாறாம் நாள் விசேஷம் என்று பொன்னுத்தாய் சொல்லி அனுப்பியிருந்தாள், அங்கே போனேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவோடுதான் போனேன். கணக்குத் தாளும் பையில் இருந்தது.

சின்ன வீடு, சொந்தக்காரர்கள் நிறைய. சுவரில் செண்பகாவின் படம், மாலையோடு. சடங்கு வீட்டு பிளக்ஸுக்காக எடுத்த போட்டோ. மஞ்சள் பட்டில், கன்னம் நிறையச் சிரித்துக்கொண்டு. ஜூலை மாதத்தில் என் முன்னால் நின்றவள் அவள்தான். இவளைப் பார்த்தா நான் சிவப்பு வைத்தேன்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் பொன்னுத்தாய் எழுந்துவிட்டாள். "இவியதான் அந்த டீச்சர்" என்று எல்லாரிடமும் சொன்னாள். "எம் பிள்ளை ஒரு வாய் சாப்பிட்டுறாதான்னு, நான்தான் தப்பா அளந்தேன், எல்லாம் எந்தப்புன்னு பொய் சொன்ன மவராசி. யாரு சொல்லுவா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். செண்பகாவின் அப்பா நல்ல உயரமான மனிதர். நிலைவாசலில் குனிந்துதான் வந்தார். வந்து என்னைக் கும்பிட்டார். டீ கொடுத்தார்கள். சர்க்கரை போட்ட டீ. குடித்தேன். கிளம்பும்போது ஒரு பொட்டலம் கடலை மிட்டாயும் கொடுத்தாள், வாங்கிக்கொண்டேன்.

நான் கோழை. இதை இந்த டைரியில் மட்டும்தான் எழுத முடிகிறது.

வீட்டுக்கு வந்து தாளை மேஜையில் விரித்தேன். பதிவேட்டில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள், இதில் இன்னும் இருக்கிறது. செண்பகவல்லி. 144-ஐ அடித்து 152 என்று எழுதினேன். 23.1-ஐ அடித்து 20.8 என்று எழுதினேன். பிறகு பச்சை ஸ்கெட்சை எடுத்து, ஜூலை மாதத்துச் சிவப்புப் பொட்டின் மேலேயே, தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி, நன்றாகப் பெரிதாக வைத்தேன். அழுத்தி அழுத்தி வைத்தேன். சிவப்பின் மேல் பச்சை ஏறவில்லை. கறுப்பாகத்தான் இருக்கிறது.